கேட்காத தொகை

"என்ன எதிர்பார்க்கறீங்க?" என்று அவர் கேட்டபோது நான் மேஜைமேல் இருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1986. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்பாலை. பி.இ. முடித்து இரண்டு மாதம். மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை என்று ரயில் நின்ற இடமெல்லாம் 1,100 ரூபாய் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். அந்த அறையில் அது வாயில் வரவில்லை. "நீங்க பார்த்துக் குடுக்கறதைக் குடுங்க சார்" என்றேன். 750 என்று முடிந்தது.

வெளியே வந்தபோது எனக்கு வருத்தமில்லை. ஒருவித நிறைவுகூட இருந்தது. பேரம் பேசாதவன், பணத்தைப் பெரிதாக நினைக்காதவன் என்று. என் விசாரணை இந்த நிறைவைப் பற்றியதுதான்.

எனக்குப் பின்னால் உள்ளே போனவன் என் வகுப்புத் தோழன். தகப்பனார் இல்லை, இரண்டு தங்கைகள். அவன் 1,000 கேட்டிருக்கிறான். "உங்க காலேஜ்தான், இப்பத்தான் 750-க்கு ஒத்துண்டு போறார்" என்று பதில் வந்திருக்கிறது. திரும்பும் ரயிலில் பொன்னேரி வரை அவன் பேசவில்லை. பிறகு, "நீ கேட்டிருக்கலாம்டா" என்றான். அவ்வளவுதான்.

ஆதம் ஸ்மித் 1776-லேயே இதைச் சொல்லிவிட்டார்: கூலித் தகராறில் முதலாளி ஒரு வருஷம் காத்திருக்க முடியும், தொழிலாளிகளில் பலரால் ஒரு வாரம்கூட முடியாது. ஆனால் அதை என் சார்பில் நான் சாட்சிக்கு அழைக்க முடியாது. என் அப்பா சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தார். காத்திருக்க முடிந்தவன் நான். முடியாதவனுக்கு விலை வைத்துவிட்டு வந்தவனும் நான்.

காந்தியை 1904-ல் ஜோஹன்னஸ்பர்க் ரயிலில் தூங்கவிடாமல் செய்த ரஸ்கினின் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வாதம் இருக்கிறது. மோசமான வேலைக்காரன் பாதி விலைக்குத் தன்னைக் கொடுக்க அனுமதிப்பதுதான் கேடு. அதனால் நல்ல வேலைக்காரன் இடத்தை இழக்கிறான், அல்லது போதாத கூலிக்கு இறங்குகிறான். வாசித்த அன்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ரஸ்கினோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. முதலாளி தொழிலாளியைத் தன் பிள்ளையைப்போல் நடத்த வேண்டும் என்கிறார் அவர். "நீங்க பார்த்துக் குடுங்க" என்று நான் சொன்னதும் அதே நம்பிக்கையில்தானே? தகப்பன் ஸ்தானத்தில் ஒருவரை உட்கார்த்தி வைத்துவிட்டால் பிள்ளை கணக்குக் கேட்க முடியாது.

கணக்கு இல்லாமலும் இல்லை. 1957-ல் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு அளவுகோல் வகுத்தது. ஒரு குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகுகள், அலகுக்கு 2,700 கலோரி, வருஷத்துக்கு 72 கெஜம் துணி, எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு 20 சதவீதம். கேட்பவனின் கூச்சத்துக்கு இதில் இடமில்லை. அதனாலேயே எனக்கு இது பிடித்திருக்கிறது.

கூச்சம் எங்கிருந்து வந்தது? குறளில் இரவு, இரவச்சம் என்று பிச்சைக்கு இரண்டு அதிகாரங்கள். கூலி என்ற சொல் ஆள்வினையுடைமையில் வருகிறது. அங்கே அதைத் தருவது முயற்சி, முதலாளி அல்ல. கேட்பது என்றாலே இரப்பது என்று நான் வீட்டில் கற்றுக்கொண்டேன். அதைப் பண்பு என்று வேறு எண்ணிக்கொண்டேன். சொந்தமாக எதையும் இழக்காத பண்பு. என் நண்பன் அங்கே சேர்ந்தான், மூன்று வருஷம் இருந்தான். நான் நாலாம் மாதமே வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டேன்.

போன மாதம் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். படிப்பு முடிந்து முதல் வேலை, சிப்காட்டிலேயே. எதிர்பார்க்கும் சம்பளம் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று கேட்டாள். ஒரு தொகை சொன்னேன். "அவ்வளவா, மாமா? திமிர்னு நெனைக்க மாட்டாங்களா?"

"உனக்கு அடுத்தாப்ல யார் உள்ள போறாங்க?" என்று கேட்டேன்.

தெரியாது என்றாள்.