கடைசி பெஞ்சுக்காக ஒரு ஸ்லைடு

பி.எட். கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் வகுப்பின் கடைசி பெஞ்சில் எங்களை மதிப்பிட ஒருவர் உட்கார்ந்திருப்பார். கையில் ஒரு படிவம். பாட அறிமுகம், வினாத் தொடுக்கும் திறன், கரும்பலகைப் பயன்பாடு என்று கீழே இறங்கும் அந்தப் படிவத்தில் ‘ஐ.சி.டி. பயன்பாடு’ என்றும் ஒரு வரி உண்டு. எங்கள் செட்டில் பாதிப்பேர் புரொஜெக்டர் தேடி அலைவது அந்த ஒரு வரிக்காகத்தான். ஸ்லைடில் எழுத்து பெரிதாக இருக்கிறதா, வண்ணம் கண்ணை உறுத்துகிறதா என்பதையெல்லாம் கடைசி பெஞ்சில் போய் நின்று பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். முதல் பெஞ்சில் உட்காரப்போகிற ஏழாம் வகுப்புப் பிள்ளையின் இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்ப்பதில்லை.

இதை இன்றைக்கு வந்த வியாதி என்று சொல்ல முடியாது. என் சித்தி படித்த காலத்தில் பி.எட். ஓராண்டுதான், 2015-இல்தான் இரண்டாண்டு ஆனது. அந்த ஓராண்டில் அவர் தெர்மாக்கோலில் மனிதக் கண் ஒன்று செய்து, பஸ்ஸில் யார் முழங்கையும் படாமல் மடியில் வைத்துக் கொண்டுபோனாராம். மார்க் விழுந்தது. கண் கல்லூரி ஸ்டோர் ரூமுக்குப் போனது. பிள்ளைகள் அதைத் தொடக்கூட விடவில்லை, உடைந்துவிடுமே! அன்று சார்ட் வரைந்து தருகிறவர்கள் இருந்தார்கள், இன்று பி.பி.டி. செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். விலைதான் மாறியிருக்கிறது.

வகுப்பில் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று கல்லூரியில் படிக்கிறோம், நன்றாகவே. 2006-இல் மிஸ்ராவும் கோலரும் எழுதிய கட்டுரையை ஒட்டி, ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்களைத் தேர்வில் வரைவோம்: பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு. வட்டம் அழகாக விழுந்தால் மார்க்கும் அழகாக விழும். எனக்கு உதவியது அதற்கும் இருபது ஆண்டு முன்னால், 1986-இல், லீ ஷூல்மன் சொன்னதுதான். பாடம் தெரிந்தவருக்கும் ஆசிரியருக்கும் என்ன வித்தியாசம்? அந்தப் பாடத்தில் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியும். கணிதத்தில் எம்.எஸ்சி. முடித்த எனக்கு முக்கோணம் தெரியும். முக்கோணத்தில் எங்கே தடுக்கும் என்பது தெரியாமல்தான் செய்யாறு பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றுக்குப் பயிற்சிக்குப் போனேன்.

அங்கே தெரிந்தது. கோணத்தின் கைகள் நீண்டால் கோணமும் பெரிதாகும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நோட்டில் குட்டியாக வரைந்த 40 பாகையும் பலகையில் ஒரு முழ நீளத்துக்கு இழுத்த 40 பாகையும் ஒன்று என்றால், தலையை ஆட்டுவார்கள், நம்ப மாட்டார்கள். அப்படி நம்பாதவர்களிடம் முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180 பாகை என்றால், அது மனப்பாடம் செய்ய ஓர் எண், அவ்வளவுதான்.

திரை எதற்கு என்பது எனக்கு அங்கேதான் பிடிபட்டது. ஜியோஜீப்ரா என்று ஒரு மென்பொருள். 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் தன் முதுகலை ஆய்வுக்காகச் செய்யத் தொடங்கியது. நம் பாடப்புத்தகத்தில் ‘இணையச் செயல்பாடு’ என்ற தலைப்பில் வரும் பக்கங்கள் பல அதை நம்பித்தான் இருக்கின்றன. இலவசம், ஒருமுறை ஏற்றிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். பிளஸ் டூவில் அரசு கொடுத்த என் லேப்டாப்பில் பேட்டரி போய்விட்டது, ஆனால் செருகினால் இதை இழுக்கும்.

ஸ்மார்ட் கிளாஸ் அறைத் திரையில் ஒரு முக்கோணம் போட்டேன். “இதை இழுத்துப் பெரிசாக்கினா மூணு கோணத்தையும் கூட்டினது என்ன ஆகும்?” கேட்டுவிட்டுச் சும்மா நின்றேன். இந்தச் சும்மா நிற்பதுதான் கஷ்டம். கை மவுஸில் இருக்கும்போது அது தானாக நகரப் பார்க்கும். கூடும் என்று பெரும்பாலான கைகள் எழுந்தன. சிலர் பக்கத்துக் கையைப் பார்த்துத் தூக்கினார்கள். அப்புறம் இழுத்தேன். எண்களை நோட்டில் எழுதிக் கூட்டச் சொன்னேன்: 47.33, 61.34, 71.34.

“மிஸ், 180.01 வருது.”

“பெரிசாக்கினோம்ல, அதான் கூடிடுச்சு!” என்றான் பின்னாலிருந்து இன்னொருவன். வகுப்பே அவன் பக்கம் சாய்ந்தது.

மென்பொருள் ஒவ்வொரு கோணத்தையும் இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கிக் காட்டுகிறது. அந்தச் சில்லறை சேர்ந்ததால் வந்த வினை. அதைச் சொல்லி ஒரு நிமிடத்தில் முடித்திருக்கலாம். சொல்லவில்லை. “அப்ப சின்னதாக்கினா குறையணும், இல்லையா?” என்றேன். சின்னதாக்கினோம்: 180. இன்னும் சின்னதாக்கினோம்: மறுபடி 180.01. இன்னொரு சின்னதில் 179.99. பின்னாலிருந்தவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “மிஸ், கம்ப்யூட்டர் தப்பாக் காட்டுது” என்றான். தசம இடங்களை அதிகமாக்கிக் காட்டியதும், கடைசி எண்ணைக் கணினி எப்படி முழுமையாக்குகிறது என்று அவர்களே பிடித்தார்கள். பீரியடு முடிந்தது. தயாரித்து வைத்திருந்த ஸ்லைடுகள் பெரும்பாலும் திறக்கப்படவே இல்லை.

என் வழிகாட்டி ஆசிரியர் குறிப்பேட்டில் ‘நேர மேலாண்மை தேவை’ என்று எழுதினார். எழுதிவிட்டு, “நாளைக்கும் இதையே தொடரும்மா” என்றார். இரண்டையும் சொன்னது ஒரே மனிதர்தான்.

மறுநாள் திரையே இல்லை. காகிதத்தில் முக்கோணம் வெட்டி, மூலைகளைக் கிழித்துப் பக்கம் பக்கமாக ஒட்டினால் நேர்கோடாகும் என்பது பழைய வித்தை. பிள்ளைகளுக்குக் கையால் செய்தது பிடித்திருந்தது, தசமத் தொல்லையும் இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் காகிதம் ஒரு முக்கோணத்துக்குத்தான் சாட்சி. திரை, இழுக்க இழுக்க நூறு முக்கோணத்துக்குச் சாட்சி. இரண்டுமே நிரூபணம் ஆகாது. உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாகச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒன்றுவிட்ட உட்கோணங்கள் சமம் என்று காட்டினால்தான் எல்லா முக்கோணத்துக்கும் கதை முடியும். எந்தக் கருவி உசத்தி என்று எங்கள் செட்டில் நடக்கும் வாதம் எனக்கு அதோடு விட்டுப்போனது. நம்பாதவனைச் சந்தேகப்பட வைக்கத் திரை, கை நம்புவதற்குக் காகிதம், ஏன் என்று கேட்கிறவனுக்குச் சாக்பீஸ். வரிசையை மாற்றினால் மூன்றும் வீண்.

இப்போது பாடக்குறிப்பையே சாட்ஜிபிடி எழுதித் தருகிறது. நானும் கேட்டுப் பார்த்தேன். பொதுவாகப் பிள்ளைகள் செய்யும் பிழைகளில் கை நீளக் குழப்பத்தையும் சரியாகவே பட்டியலிட்டது. ஷூல்மன் சொன்ன அறிவு அதனிடம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. அந்தக் குழப்பம் இந்த அறையில் யாரிடம் இருக்கிறது, யார் பக்கத்துக் கையைப் பார்த்துக் கை தூக்குகிறார்கள் என்பது நின்று பார்ப்பவருக்குத்தான் தெரியும். ஸ்லைடு நிறைய இருந்தால் நின்று பார்க்க நேரம் இருக்காது.

கருவி கைக்கு வந்தால் மட்டும் பாடம் ஏறிவிடாது. பெரு நாட்டில் ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கிராமப்புறத்தில் 319 தொடக்கப் பள்ளிகளை எடுத்து ஆராய்ந்தபோது, கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2012-இல் அறிக்கை வந்தது. நம் ஊரிலோ, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில், வகுப்புச் சுவரின் அடியில் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அடித்தார்கள். ஆளுக்கொரு இடம், பெயர் எழுதி, அதில் அவரவர் எழுதலாம். அந்தத் திட்டத்தின் மற்றவற்றைப் பற்றி ஆசிரியர்களிடம் ஆயிரம் குறை கேட்டிருக்கிறேன். பலகையைக் கீழே இறக்கியதை மட்டும் பெரிய கண்டுபிடிப்பு என்றே சொல்வேன். மின்சாரம் வேண்டாம் என்பதால் அதை யாரும் தொழில்நுட்பக் கணக்கில் சேர்ப்பதில்லை.

செய்யாறு பக்கத்துப் பள்ளியில் நான் பார்த்த சிறந்த தொழில்நுட்பப் பயன்பாடு கணித வகுப்பில் நடக்கவில்லை. பார்வைக் குறைபாடு உள்ள சிறுமி ஒருத்தி. முதல் பெஞ்சில் உட்கார்ந்தும் பலகை தெரியாது. பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்து எழுதி எழுதி, எப்போதும் ஒரு வரி பின்தங்கியே இருப்பாள். தமிழாசிரியை பலகையில் எழுதி முடித்ததும் தன் செல்போனில் படம் எடுத்து அவளிடம் நீட்டுவார். அவள் விரலால் பெரிதாக்கி, தன் வேகத்தில் எழுதிக்கொள்வாள். நானும் அதையே செய்யத் தொடங்கினேன். இதில் ஒரு சிக்கல் உண்டு. பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது, ஆசிரியர்கள் எல்லாரும் தங்கள் போனைக் கொடுப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. தமிழாசிரியை விடுப்பு எடுத்த நாளில் அவள் பழையபடி பக்கத்து நோட்டுக்குத்தான் போனாள். பள்ளியிலேயே ஒரு பழைய டேப்லெட்டை அவள் பெயருக்கு ஒதுக்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றிருக்கிறார். அவள் எட்டாம் வகுப்புக்குப் போகும்போது என் பயிற்சி முடிந்திருக்கும். அதற்குள் அந்த வகுப்புக்கு வரப்போகிற கணக்கு சாரையும் அறிவியல் டீச்சரையும் பார்த்து இதைச் சொல்லிவிட வேண்டும்.