புதன்கிழமை யாருடையது?

பிரான்சில் ஆரம்பப் பள்ளிகள் பெரும்பாலும் மாலை நாலரைக்கு விடும். குளிர்காலக் கணக்கில் அப்போது இந்தியாவில் இரவு ஒன்பது. மதுரையிலிருந்து இணையவழியில் இறையியல் வகுப்பு நடத்துபவருக்குத் தோதான நேரம்தான். பாரிஸின் புறநகரான லெ பிளாங்-மெனிலில் இருந்து படிக்கும் போதகரோ அப்போது பிள்ளையைக் கூட்டிவரப் பள்ளி வாசலில் நிற்க வேண்டும். வகுப்பை இந்திய நேரம் மாலை ஆறுக்கு மாற்றினால் பாரிஸில் மதியம் ஒன்றரை. றெஸ்ரோரன்றில் கோப்பை கழுவுபவர் தலைநிமிர முடியாத வேளை அது.

போதகர் ஏன் கோப்பை கழுவ வேண்டும்? 1905ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரெஞ்சு அரசு எந்த மதத்தின் குருமாருக்கும் சம்பளம் தருவதில்லை. அல்சாஸ், மோசெல் போன்ற சில பகுதிகள் விலக்கு. வாடகை மண்டபத்தில் கூடும் சிறு தமிழ்ச் சபையின் காணிக்கை மண்டபத்துக்கே சரியாகிவிடும். ஆகவே வாரநாளில் கூலிவேலை, மாலையில் வீட்டுக்கூட்டம், ஞாயிறு பிரசங்கம். இடையில் பாரிஸின் லா சப்பல் கடைத்தெருவில் எதிர்ப்படும் சபையார் ஒருவர் பிரெபெக்தூர் என்ற அரசு அலுவலகத்தின் கடிதத்தை நீட்டி, “இதில என்ன எழுதியிருக்கு, பாஸ்டர்?” என்று கேட்பார். வாசித்துச் சொல்லிவிட்டு காரே து நோரில் ரயில் பிடித்து வீடு சேரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். படிப்பு அதற்குப் பிறகு.

இந்த வாழ்க்கைக்கு முன்மாதிரியாகக் கொரிந்துவில் கூடாரம் தைத்த பவுலைச் சொல்வது வழக்கம். பவுல் மனைவியில்லாமல் வாழ்ந்தவர் என்பதைச் சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இதைத் தியாகம் என்கிறோம். யாருடைய தியாகம்? தூக்கத்தைக் கொடுப்பவர் போதகர். அது அவருடையது, கொடுக்கலாம். பிள்ளையின் வீட்டுப்பாட நேரமும் மனைவியின் ஓய்வும் அவருடையவை அல்லவே. வேதாகமமே இங்கு இரு பக்கமும் இழுக்கிறது. மாற்கு நற்செய்தியில் யாக்கோபும் யோவானும் தகப்பன் செபெதேயுவைப் படகில் விட்டுவிட்டு இயேசுவின் பின்னே போனார்கள். ஆனால் அதே நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில், பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்கான காணிக்கை, என்று சொல்லிக் கைவிடுபவர்களை இயேசு கடிந்துகொள்கிறார். செபெதேயுவுடன் படகில் கூலியாட்கள் இருந்ததாக மாற்கு குறித்திருப்பது கவனிக்கத்தக்கது. கிழவர் தனியாக வலை இழுக்கவில்லை.

ஆங்கில மிஷனரி வில்லியம் கேரியின் வீட்டுக் கதை வேறு. செருப்புத் தைத்துக்கொண்டே மொழிகள் கற்ற அவர் 1793இல் வங்காளத்துக்கு வந்தார். மறு ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். மனைவி டோரதியின் மனம் பிறழ்ந்தது; 1807இல் இறக்கும்வரை அது தெளியவில்லை. அதே ஆண்டுகளில்தான் கேரியின் வங்காள மொழிப் புதிய ஏற்பாடு 1801இல் அச்சேறியது. தமிழ்நாட்டின் பல இறையியல் கல்லூரிகள் இன்றும் வழங்கும் பட்டம், 1818இல் கேரியும் நண்பர்களும் தொடங்கிய செராம்பூர் கல்லூரியின் பெயரில் வருவது. அந்த மொழிபெயர்ப்பின் பெருமையை யாரும் குறைக்க முடியாது. டோரதிக்கு நேர்ந்ததை அதன் விலையென்று எழுதி, கணக்கை நேர்செய்துவிடவும் முடியாது.

வேறு வழியும் உண்டு: படிக்கும் ஆளை வளைக்காமல் கல்லூரியை வளைக்கலாம் என்று 1963இல் குவாத்தமாலாவின் பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி கண்டது. சபைகளை உண்மையில் நடத்தியவர்கள் குடும்பமும் பிழைப்பும் உள்ளவர்கள்; விடுதிக்கு வர முடியாதவர்கள். எனவே ஆசிரியர்களே ஊர் ஊராகப் போனார்கள். இந்தியாவில் அதே வழியில் பெங்களூரின் டாஃப்டி என்ற இறையியல் கல்வி அமைப்பு 1971இல் தொடங்கியது. நல்ல ஏற்பாடு. ஆனால் கல்லூரி வீட்டுக்குள் வந்ததும் வீட்டார் அதற்கு இடம்விட வேண்டியதாகிறது. இரண்டு அறை வீட்டில் அப்பா படித்தால் எல்லோரும் மெதுவாகப் பேச வேண்டும்.

மிச்சச் சுமை சபையின் பங்கு. படித்த போதகர் வேண்டும் என்று கேட்பது சபைதானே? அப்படியானால் ஒரு வீட்டுக்கூட்டத்தை மூப்பர் நடத்தட்டும். பிரெபெக்தூர் கடிதங்களை இங்கேயே பள்ளிக்குப் போன இளையவர்கள் வாசிக்கட்டும். நான்கு ஆண்டுப் படிப்பு ஏழு ஆண்டானாலும் யாரும் முகம் சுளிக்க வேண்டாம். புதன்கிழமை பிற்பகலில் ஆரம்பப் பள்ளிகளுக்கு வகுப்பில்லை. அன்றைக்கு அப்பா பிள்ளைகளோடு இருப்பாரா, ஜெபக்கூட்டத்துக்குப் போவாரா என்பதைச் சபைக்குழு முடிவெடுக்கும்போது, அந்த வீட்டாரையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

டோரதியிடமும் கேட்டார்கள். முடியாது என்றார். கப்பல் பயணம் தடைப்பட்டு, கேரி திரும்பி வந்து மறுபடி கேட்ட பிறகு, கடைசியில் தன் சகோதரி உடன்வந்தால் வருகிறேன் என்றார்.