நின்றுகொண்டே இருந்த பெரியம்மா

வ. புதுப்பட்டியில் எங்கள் பெரியம்மா உட்கார்ந்து நான் பார்த்த நேரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கல்யாண வீட்டில் எல்லோரும் ஜமக்காளத்தில் அமர்ந்திருக்க, அவள் தூணில் சாய்ந்து நிற்பாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டே வருவாள். "உட்காருங்க மதினி" என்றால், "இருக்கட்டும்" என்பாள். உட்கார்ந்தால் அடியில் நெருப்பை வைத்ததுபோல் எரிகிறது என்று பெரியப்பாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அவர் அதைத் திண்ணையில் சொல்லிச் சிரித்தார்: "ராத்திரி பூரா நல்லாத் தூங்குறா. பகல்ல உட்கார்ந்தா மட்டும் வலிக்குமாம்! இது என்ன நோக்காடு?"

ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். அந்த 'ஒன்றுமில்லை' ஊருக்குள் வந்து சேர்ந்தபோது 'வீம்பு' என்று மாறிவிட்டது.

இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. எழுதத் தொடங்கிய காலத்தில் அவளை வைத்து ஒரு வேடிக்கைக் கதை எழுதினேன். வாசகர்கள் ரசித்தார்கள். யாரோ அவளுக்கும் படித்துக் காட்டினார்களாம். அவளும் சிரித்தாளாம், நின்றுகொண்டே.

அவள் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு நாவலுக்காக வைத்திய நூல்களைப் புரட்டியபோது புடென்டல் என்ற நரம்பைப் பற்றிப் படித்தேன். முதுகுத்தண்டின் அடியிலிருந்து கிளம்பி, இடுப்பெலும்பின் உள்ளே இரண்டு தசைநார்களுக்கு நடுவே நுழைந்து போகிறது அது. அங்கே நெருக்குண்டால் உட்காரும்போது எரியும். லத்தீனில் அதன் பெயருக்கே 'வெட்கப்பட வேண்டியது' என்று பொருள். வலியைச் சொல்ல விடாத வெட்கத்தைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள்!

இந்த நோயை அறிய 2008-ல் பிரான்சின் நான்த் நகர வைத்தியர்கள் ஐந்து அடையாளங்களை வகுத்து வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்று, உட்கார்ந்தால் வலி மிகும் என்பது. இன்னொன்று, வலி இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பாது என்பது. அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். எந்தச் சாட்சியைக் காட்டிப் பெரியப்பா அவளைப் பொய்க்காரி ஆக்கினாரோ, அதுவே நோயின் அடையாளம்! அவளுக்கு இருந்தது இந்த நோய்தானா என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் தீர்ப்புக்கு ஆதாரம் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

இந்த நரம்பை இன்று துளை வழியாகவே விடுவிக்கிறார்கள். துளைவழி அறுவை நமக்குப் புதிதல்ல. 1990-லேயே மும்பையில் டாக்டர் உட்வாடியா அப்படிப் பித்தப்பையை நீக்கினார். வயிற்றில் சில சிறு துளைகள் இட்டு, காமிராக் குழாயைச் செலுத்தி, இடுப்புக்குள் நெருக்குண்ட நரம்பைத் தேடிப் போகும் கலையைச் சூரிக்கின் மார்க் பொசோவர் போன்றவர்கள் வளர்த்தார்கள். எல்லோருக்கும் குணமாகிவிடுவதில்லை. ஆகவே நோயாளியின் சொல்லை மட்டும் கேட்டுக் கத்தியை எடுக்கவும் கூடாது. முதலில் நரம்பின் அருகே மரத்துப்போகும் ஊசி போட்டு, வலி அடங்குகிறதா என்று பார்க்கிறார்கள். வைத்தியர் சந்தேகப்படத்தான் வேண்டும்.

வைத்தியருக்கு உள்ள அந்த உரிமை நமக்கும் உண்டா? இதுதான் என்னை அரிக்கும் கேள்வி. அவருக்குச் சந்தேகம் ஒரு கருவி. அதைக்கொண்டு அவர் மேலும் தேடுகிறார். நமக்கோ சந்தேகம் ஒரு சௌகரியம். அதைக்கொண்டு தேடுவதை நிறுத்திக்கொள்கிறோம். ஒருத்தி வலிக்கிறது என்று சொல்வதை நம்பிவிட்டால், அப்புறம் ஏதாவது செய்தாக வேண்டுமே! அவள் இடுப்புக் குடத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். அவள் வேலையில் பாதியை ஏற்க வேண்டும். நம்பாவிட்டால் சிரித்துவிட்டுப் போகலாம்.

வலியை ஆராயும் சர்வதேசச் சங்கம் 2020-ல் வலிக்குத் திருத்திய விளக்கம் தந்தபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று குறித்தது. நல்லதுதான். ஆனால் சங்கம் கூடிச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டிய விஷயமா இது? பெரியம்மா காலத்தில் எங்கள் ஊரில் அந்த அறுவை இல்லை, ஊசி இல்லை, நரம்பின் பெயரும் தெரியாது. ஆனால் பாய் இருந்தது. அதை விரித்து, "படுத்துக்கொண்டே பேசு பெரியம்மா" என்று சொல்ல எந்தச் சாஸ்திரம் தெரிந்திருக்க வேண்டும்?