வேலை வெட்டியில்லாதவர்கள்

சார்லி சாப்ளினின் ‘தி ஐடில் கிளாஸ்’ 1921 செப்டெம்பரில் வெளியான, இரண்டே ரீல் நீளமுள்ள மௌனப் படம். வேலை வெட்டியில்லாத கூட்டம் என்று பெயரைத் தமிழாக்கலாம். அது எந்தக் கூட்டம் என்பதில்தான் குறும்பு. பணக்காரர்கள் ரயில் பெட்டியிலிருந்து இறங்குகிறார்கள். நாடோடி அதே ரயிலுக்கு அடியிலிருந்து வெளியே வருகிறான். அவனும் கோல்ஃப் ஆடத்தான் வந்திருக்கிறான். அங்கே குடிகாரச் செல்வந்தன் ஒருவன், உருவத்தில் நாடோடியேதான். இரு வேடமும் சாப்ளின்.

குடியை விடும்வரை சேர்ந்திருக்க முடியாதென்று செல்வந்தனுக்கு மனைவியின் கடிதம் வருகிறது. அவன் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறான். தோள்கள் குலுங்குகின்றன. பாவம் என்று பார்ப்பவர் இளகும் நேரத்தில் இந்தப் பக்கம் திரும்புகிறான்: குலுக்கிக்கொண்டிருந்தது மது கலக்கும் குவளையை! படத்தில் அவன் மெய்வருந்திச் செய்யும் வேலை அது ஒன்றுதான்.

மாறுவேட விருந்தில் நாடோடியின் கந்தலை வேடமென்றும் அவனைச் செல்வந்தனென்றும் நினைத்து உபசரிக்கிறார்கள். உண்மைக் கணவன் இரும்புக் கவசத்தின் முகமூடி திறக்காமல் தவிக்கிறான். ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். இங்கே ஆடைதான் முழு ஆள்.

இலங்கை மலையகத்தில் நோட்டன் பிரிட்ஜைச் சுற்றிய அன்றைய தேயிலைத் தோட்டங்களில் இந்தக் கதை பாதிதான் பொருந்தும். தோட்டங்களை நடத்திய துரைமாருக்கு நுவரெலியாவில் 1889 முதலே கோல்ஃப் மைதானம் இருந்தது. வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்த தொழிலாளருக்கு நாடோடியாகும் வசதிதான் இல்லை. விடியற்காலை ஆள்கணக்கெடுப்பான பிரட்டில் நிற்காவிட்டால் அன்றைக்குப் பேர், அதாவது நாட்கூலி, விழாது. கொழுந்து குறைந்தால் அரைப் பேர். வேலையின்றித் திரிபவனை 1841ஆம் ஆண்டுச் சட்டம் தண்டித்தது. அந்தச் சட்டம் அவனுக்கு வைத்த பெயரிலும் ‘ஐடில்’ என்ற சொல் உண்டு. கோல்ஃப் ஆடியவர்களை அந்தச் சொல் தொடவில்லை. முன்னறிவிப்பின்றி வேலையை விட்டுப் போவதை 1865ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. முறைப்படி வேறு தோட்டம் போகவும் ‘துண்டு’ வேண்டியிருந்தது: கடனை அடைத்தால் ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தந்த சீட்டு. சும்மா திரிந்தாலும் குற்றம், சொல்லாமல் கிளம்பினாலும் குற்றம். துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது, இந்தப் படம் வந்த அதே 1921இல்.

படத்தின் முடிவில் குட்டு வெளிப்பட்டு நாடோடியை வெளியேற்றுகிறார்கள். மனம் கேளாத மனைவி, மன்னிப்புக் கேட்கத் தன் தந்தையை அனுப்புகிறாள். நாடோடி அவரைக் குனியவைத்துப் பின்புறத்தில் ஓர் உதை விட்டு ஓடுகிறான். அவனிடம் துண்டு கேட்க அங்கே யாரும் இல்லை.