சோப்பும் சங்கல்பமும்

நாங்கள் வந்தவாசிப் பக்கத்து நயினார்கள், அதாவது தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவோம். இருட்டில் பூச்சி இலையில் விழுந்து செத்துவிடக் கூடாது என்பதற்காக. அதனால் பேத்தி ஒரு சோப்பு உறையை நீட்டியபோது தப்பிக்க வழியில்லை. "99.9 சதவீதக் கிருமிகளைக் கொல்லும்னு போட்டிருக்கு தாத்தா. இது மட்டும் பாவம் இல்லையா?"

வேதியியல் வாத்தியாராக இருந்தவன், முதலில் பாடம்தான் நடத்தினேன். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு சேரும். நீண்ட வால் எண்ணெயோடுதான் சேரும். கைத்தோலின் எண்ணெய்ப்பசையில்தான் அழுக்கும் கிருமியும் ஒட்டியிருக்கின்றன. வால்கள் அந்தப் பசைக்குள் புகுந்து, சுற்றி வளைத்து, பொடி உருண்டைகளாகக் கிளப்பிவிடும். தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை சாவதில்லை, இடம் மாறுகின்றன. கொரோனா போலக் கொழுப்புறை போர்த்திய வைரஸ் உறை கிழிந்து சிதையும். (அதற்கு உயிர் உண்டா என்ற வழக்கே தீரவில்லை, நான் அதில் சாட்சி சொல்லப் போவதில்லை.)

இல்லறத்தார் செய்யும் இம்சையைச் சமண ஆசாரியர்கள் நான்காகப் பிரித்தார்கள். சமைக்கும்போதும் பெருக்கும்போதும் நேர்வது ஆரம்பம். பிழைப்பில் நேர்வது உத்யோகம். தற்காப்பில் நேர்வது விரோதம். கொல்ல வேண்டுமென்றே கொல்வது சங்கல்பம். இதை அறவே விட வேண்டும். சாதா சோப்பு ஆரம்பத்தில் அடங்கும். கொல்வதற்கென்றே மருந்து சேர்த்த சோப்பு? கிருமிதானே முதலில் தாக்குகிறது, எனவே விரோதம் என்று வாதாடலாம். அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டர் குளோர்ஹெக்சிடின் போட்டுக் கை தேய்ப்பதை நான் அந்தக் கணக்கில்தான் வைப்பேன்.

வீட்டுக் குழாயடியில் அந்த வாதம் நிற்காது. 2016 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் டிரைக்ளோசான், டிரைக்ளோகார்பன் உட்பட 19 மருந்துகளைப் பொதுமக்கள் கை, உடல் கழுவும் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்றது. சாதா சோப்பையும் தண்ணீரையும்விட இவை கூடுதலாகக் காப்பாற்றும் என்று கம்பெனிகளால் காட்ட முடியவில்லை. டிரைக்ளோசான், பாக்டீரியா தனக்கு வேண்டிய கொழுப்பைத் தயாரிக்கும் நொதி ஒன்றை முடக்குகிறது. அந்த நொதி கொஞ்சம் மாறிப்போன பாக்டீரியா தப்பித்துப் பெருகிவிடும். பலனும் இல்லாத கொலை என்றால் சங்கல்பத்தோடு அனர்த்த தண்டமும் சேர்ந்துகொள்கிறது. காரணமில்லாமல் தீங்கு செய்வதை அப்படிச் சொல்வோம். அதை விலக்குவது இல்லறத்தார் ஏற்கும் குணவிரதங்களில் ஒன்று.

பேத்தி விடவில்லை. "சாக்கடைக்குப் போய்ச் செத்தா?"

சாகலாம். ஆனால் எங்கள் சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் உயிர் போவதை மட்டும் இம்சை என்று சொல்லவில்லை. அசட்டையால் உயிர் போவதைச் சொல்கிறது. கழுவாத கையால் சோறு ஊட்டி, பிள்ளை வயிற்றுப்போக்கில் விழுந்தால் அந்த அசட்டை என்னுடையது. ஆகவே கை கழுவத்தான் வேண்டும், சாதா சோப்பில், 20 வினாடி.

வீணாகத் தண்ணீர் கொட்டுவதும் அனர்த்த தண்டம்தான். சோப்பை மாற்ற எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள்; நுரை தேய்க்கும்போது குழாயை மூடுங்கள் என்றால்தான் வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை.