கொடுத்த எண்ணை மறுபடி கொடுக்காதிருக்க

இலங்கையின் வெலிமடைக்கு ரயில் இல்லை. பண்டாரவளைக்கோ தியத்தலாவைக்கோ பஸ்ஸில் போய்த்தான் ஏறவேண்டும். 1924இல் பதுளையை எட்டிய அந்தப் பாதை இங்கே ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் ஒரே துண்டுக்குள் புகாதிருக்க 'டேப்லட்' முறை வைத்தார்கள். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் மின்கம்பியால் பிணைத்த ஒவ்வொரு பெட்டி. அதிலிருந்து எடுத்த வட்டு கையில் இருந்தால்தான் ரயில் அந்தத் துண்டுக்குள் புகலாம். ஒரு வட்டு வெளியே வந்துவிட்டால், அது திரும்பி உள்ளே போகும்வரை எந்தப் பெட்டியும் இன்னொன்றைத் தராது. நிலைய அதிபரின் ஞாபகத்தை நம்பி எதுவும் விடப்படவில்லை.

கணினி இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கும், கொடுத்ததை மறுபடி கொடுத்துவிடக்கூடாதே என்ற இதே கவலை உண்டு. விசைப்பலகையை அழுத்தினாலும், வலையிலிருந்து தரவு வந்தாலும், அந்தச் சாதனம் செயலியைக் கூப்பிட்டாக வேண்டும். அந்தக் கூப்பாடுதான் குறுக்கீடு. யார் கூப்பிட்டது என்று அறிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி, அந்தக் கம்பிக்கு ஓர் எண்.

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் எட்டு எண்களே இருந்தன. 1984இன் ஏடி மாதிரியில் குறுக்கீடுகளைக் கவனிக்கும் சில்லில் இரண்டாவதொன்றைச் சேர்த்தார்கள். ஒரு கம்பி இரண்டையும் இணைக்கவே போய்விட, மிஞ்சியது 15. கடிகாரத்துக்கு 0, விசைப்பலகைக்கு 1, பிளாப்பிக்கு 6 என்று பங்கிட்டபின் ஒலி அட்டைக்கும் வலை அட்டைக்கும் மீந்த சிலவற்றுக்குள்தான் போட்டி. அட்டையிலுள்ள ஜம்பரைக் கையால் மாற்றி மாற்றிப் பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.

ஏன் இருவர் ஒரே கம்பியைப் பகிர முடியவில்லை? பழைய ஐஎஸ்ஏ அட்டைகளில் மின்னழுத்தம் ஏறும் அந்தக் கணம்தான் அழைப்பு. ஓர் அட்டை கம்பியை ஏற்றிப் பிடித்திருக்கையில் மற்றது ஏற்றினால் ஏற்றமே தெரியாது, அழைப்பு தொலைந்துபோகும். பின்னர் வந்த பிசிஐ இணைப்பு முறை இதை மாற்றியது. அதில் சாதனம் தன் வேலை கவனிக்கப்படும்வரை கம்பியை இழுத்தே வைத்திருக்கும். ஆகவே கெர்னல் அந்தக் கம்பியிலுள்ள டிரைவர்களை, அதாவது சாதனங்களை இயக்கும் நிரல்களை, ஒவ்வொருவராக 'உன்னுடையதா?' என்று கேட்கலாம்.

லினக்ஸில் டிரைவர் தானாக எண்ணை எடுத்துக்கொள்வதில்லை, கெர்னலிடம் கேட்கவேண்டும். எண் காலியாயிருந்தால் தருகிறது. ஏற்கெனவே ஆள் இருந்தால், இருவருமே பகிரச் சம்மதித்து, சமிக்ஞையின் வகையும் ஒத்துப்போனால் மட்டுமே இடம். இல்லையேல் 'ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்ற பிழைக்குறியோடு திருப்பி அனுப்புகிறது. பார்ப்பதும் பதிவதும் ஒரே பூட்டுக்குள் நடப்பதால், இரண்டு கோர்களிலிருந்து ஒரே நொடியில் இருவர் கேட்டாலும் குழப்பமில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே விடுவதைவிட இந்த முகத்திலடித்த மறுப்பே மேல் என்பேன். சத்தமில்லாமல் தொலையும் அழைப்பைத் தேடுவதற்கு நாட்கணக்கு ஆகும்.

பகிர்வில் யாராவது பொய் சொன்னால்? அழைப்பு வந்துகொண்டேயிருக்கும், எல்லா டிரைவரும் 'என்னுடையதல்ல' என்பார்கள். ஒரு லட்சம் அழைப்புகளில் 99,900க்கு மேல் ஆளில்லாமல் போனால், 'யாரும் கவனிக்கவில்லை' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு கெர்னல் அந்தக் கம்பியையே மூடிவிடும். கம்பியைப் பகிர்ந்த அப்பாவிச் சாதனமும் சேர்ந்து முடங்கும். கணினி தப்பிக்கும்.

பின்னர் கம்பியே போயிற்று. எம்எஸ்ஐ முறையில் சாதனம் நினைவகத்தின் ஒரு முகவரிக்கு எழுதுவதே அழைப்பு; எம்எஸ்ஐ-எக்ஸில் ஒரே சாதனம் 2,048 வரை வைத்துக்கொள்ளலாம். பஞ்சம் தீர்ந்தது என்று எண்ணினால், எக்ஸ்86 செயலியில் ஒவ்வொரு கோருக்கும் 256 வெக்டர்களே, அதாவது செயலி அறியும் அழைப்பு எண்களே. முதல் 32 செயலியின் சொந்தப் பிழைகளுக்கு. நிறைய வரிசைகளுடன் வந்த வலை, வட்டு அட்டைகள் பெரிய சேர்வர்களில் அதையும் நிரப்பின. 2018 ஜனவரியில் வந்த லினக்ஸ் 4.15இல் கெர்னல் நிரலாளர் தாமஸ் கிளைக்ஸ்னர் இந்தப் பங்கீட்டையே திருத்தி எழுதினார். எந்தக் கோரில் எத்தனை காலி என்று ஒரு பிட் அட்டவணை கணக்கு வைக்கிறது. சாதனம் உண்மையில் வேலைக்கு இறங்கும்போதுதான் பல அழைப்புகளுக்கு வெக்டர் கிடைக்கிறது.

உங்கள் லினக்ஸ் கணினியில் 'ப்ராக்' அடைவிலுள்ள 'இன்டரப்ட்ஸ்' கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரே வரியில் இரண்டு பெயர் காற்புள்ளியிட்டு நின்றால் அவை பகிர்கின்றன. டிரைவர் எழுதுபவரானால் எண்ணை நிரலில் பதித்து வைக்காதீர்கள். கெர்னலிடம் கேளுங்கள், அது தரும் பதிலையும் ஒவ்வொரு முறையும் சோதியுங்கள்.