யார் பிடித்த மீன்?

தை பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். பனி விட்டபாடில்லை. காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, திருவையாற்றுக்கு மேற்கே காவிரிக் கரையில் உட்கார்ந்திருந்தோம், நானும் என் சிநேகிதனும். அவன் கையில் தூண்டில். என் கையில் காப்பி பிளாஸ்க். எங்கள் சிநேகிதத்தில் வேலைப் பிரிவினை எப்போதும் இப்படித்தான்.

மேட்டூர் அணையை ஜனவரி 28-ஆம் தேதி மூடுவது மரபு. மூடிய சில நாளில் ஆறு மணலும் மடுவுமாகிவிடும். அதற்குள், ஓடுகிற தண்ணீரில் ஒரு நாளாவது தூண்டில் போட்டுவிட வேண்டும் என்பது அவனுடைய வருஷாந்தர விரதம். மடுவில் ஒதுங்கிய மீனை அவன் தொடமாட்டான். "தப்பிக்க வழியில்லாததைப் பிடிக்கிறது என்ன பிடிக்கிறது?" என்பான். நான் துணைக்குப் போகிறவன். எங்கள் வீட்டுக்குள் மீன் வந்ததில்லை. ஆகையால் இந்தப் பாவத்தில் எனக்குப் பங்கில்லை என்று இத்தனை வருஷமாக நிம்மதியாக இருந்துவிட்டேன்.

மண்புழுவைக் கோத்து வீசினான். தக்கை மிதந்தது. அப்புறம் ஒன்றரை மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. எதிர்க்கரையில் ஒருவர் மாடு குளிப்பாட்டினார். பனி கலைந்து, தென்னைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஐசக் வால்டன் என்ற ஆங்கிலேயர் 1653-இல் தூண்டிலைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு, சிந்திக்கிறவனின் பொழுதுபோக்கு என்று துணைப்பெயர் வைத்தார். காப்பி இருக்கும்வரை அது உண்மைதான்.

திடீரென்று தக்கை அமிழ்ந்தது. "இழு! இழுடா!" என்று ஒரு குரல் கத்திற்று. என் குரல்தான். பிளாஸ்க் மணலில் உருண்டது.

கெளுத்தி. ஒன்றரைச் சாண் இருக்கும். கரையில் போட்டதும் 'கிர்ர், கிர்ர்' என்று சத்தமிட்டது. துடுப்பு முள்ளை அதன் பொருத்தில் உரசுவதால் எழும் சத்தம் அது, தொண்டையிலிருந்து வருவதல்ல. தெரிந்திருந்தும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "பாவம், விட்டுவிடேன்" என்றேன்.

அவன் மீனைக் கூடையில் போட்டான். "இழுன்னு கத்தினது யாரு?" என்றான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "நான் பிடிச்சது குழம்புக்கு. உனக்கு எதுக்குடா?"

மீனுக்கு வலிக்குமா என்ற கேள்விக்குள் நான் புகுந்துகொண்டேன். புகலிடமாக நல்ல கேள்வி அது. 2003-இல் பிரிட்டனில் லின் ஸ்னெடனும் உடன் வேலை செய்தவர்களும் டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீயின் விஷத்தையும் அசெட்டிக் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். அவை வெகுநேரம் தீனியைத் தொடவில்லை. அமிலம் ஏற்றியவை உதட்டைச் சரளைக்கல்லில் தேய்த்தன. வலியை உணர வேண்டிய மூளைப் பகுதி மீனுக்கு இல்லை என்று மறுக்கிற விஞ்ஞானிகளும் உண்டு. நான் சரளைக்கல் கட்சி.

சரி, வலிக்கிறது என்றால் விட்டுவிடுவது தர்மம்தானே? அதிலும் சிக்கல். ஸ்விட்ஸர்லாந்தில் 2008-இல் செய்த விதி ஒன்று, விட்டுவிடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதைத்தான் தடுக்கிறது. உண்பதற்குப் பிடிக்கலாம், ஆட்டம் பார்க்கப் பிடித்து, வாயைக் கிழித்து, பிற்பாடு கருணை காட்டக்கூடாது. நாகப்பட்டினத்து அதிபத்தர் மீனை விட்டாரே என்று தோன்றிற்று. அறுபத்து மூவரில் ஒருவர். தினமும் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டவர். ஒரே மீன் சிக்கிய பட்டினி நாளிலும் விட்டார் என்கிறது கதை. ஆனால் அவர் விட்டது அவருடைய மீன். நான் விடச் சொன்னது அடுத்தவன் வீட்டுக் குழம்பை. என் கருணைக்கு எனக்குக் காலணாச் செலவில்லை. தக்கை அமிழ்ந்த அந்த ஒரு க்ஷணத்து சுகமோ முழுக்க எனக்கே கிடைத்துவிட்டது.

உனக்கு எதுக்குடா?

சில வருஷங்களுக்கு முன் அவன் வீட்டில் ஒரு துக்கம். என்ன துக்கம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு தடவை சொன்னதே போதும். ஒரு ராத்திரி முழுதும் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் சொல்லி அழுதான். நானும் அழுதேன், அது பொய்யில்லை. அழுதுகொண்டிருந்தபோதே, இந்த இடத்தில் தக்கை அமிழ்கிறது என்று எனக்குள் ஒருவன் கவனித்துக்கொண்டிருந்தான். ஆறு மாதத்தில் கதையாகிவிட்டது. ஊரை மாற்றினேன், பெயரை மாற்றினேன், ஜாதியைக்கூட மாற்றினேன். பிடித்ததை விட்டுவிட்டதாகத்தான் என் கணக்கு. நிறையப் பேர் பாராட்டி எழுதினார்கள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று ஆற்றங்கரையில் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்டானா என்று தெரியாது. அப்படிச் சுற்றி வளைத்துப் பேசுகிறவன் அல்ல அவன். இன்னொரு கெளுத்தியும், மூன்று ஜிலேபிக் கெண்டையும் கிடைத்தன. ஜிலேபி 1952-இல் இந்த நாட்டுக்கு வந்து, எல்லா நீரிலும் குடியேறிவிட்ட ஆப்பிரிக்க மீன். அதைப் பிடித்தால் புண்ணியம் என்றுகூடச் சொன்னான். தக்கை அமிழ்ந்தபோதெல்லாம் நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். உள்ளே கத்தியதைத் தடுக்க முடியவில்லை.

திரும்பும் வழியில், "இதையும் எழுதுவியா?" என்று கேட்டான்.

"உன்கிட்ட காட்டிட்டுத்தான்" என்றேன்.

காட்டினேன். கெளுத்தியை ஒரு சாண் என்று எழுதியிருந்தேன். ஒன்றரை என்று திருத்தச் சொன்னான். திருத்திவிட்டேன். திண்ணை வருகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு பக்கத்தைத் திருப்பினான்.